பின்சக்கரத்தில் ஒரு சத்தம்

நிஸாம் நானா எங்கள் காரின் பின்பக்கத்தில் இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அமுக்கினார். பிறகு கையை எடுத்தார். கார் தாழ்ந்து எழுந்தது.

க்ரீ...ச்.

துருப்பிடித்த கேற்றைத் திறக்கிற மாதிரி இருந்தது. கராஜ் வாசலில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எழுந்துபோய் வீதிக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டது.

“இப்ப கேக்குதா சேர்?”

என் கணவர் இடப்பக்கச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். தலையைச் சரித்து, காதைச் சக்கரத்துக்கு மேலே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நிஸாம் நானா இன்னொரு தடவை அமுக்கினார். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை வந்த சத்தத்தில் எனக்குப் பல் கூசியது.

“ஒண்டும் கேக்கேல்லை,” என்றார் அவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பியபடி. “கார் நல்லாத்தான் கிடக்கு. இவவுக்குத்தான் ஒவ்வொரு நாளும் ஒரு சத்தம். நாங்கள் வாறம்.”

நிஸாம் நானா என்னைப் பார்த்தார். நான் என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அந்த நிமிஷத்தில் எனக்குள் ஏதோ இடம் மாறி உட்கார்ந்தது.

இது நடந்தது கட்டுகஸ்தோட்டையில், ஆற்றுக்குச் சற்று மேலே, நிஸாம் நானாவின் சின்னக் கராஜில். பெற்றோல் வரிசைகள் ஓய்ந்து, சனங்கள் மறுபடி வாகனத்தை வெளியே எடுக்கத் தொடங்கியிருந்த காலம்.

பச்சைக் கார்

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர் செய்த கார். கரும்பச்சை. எங்களிடம் வரும்போதே அதற்கு வயதாகிவிட்டது. வத்தேகமயில் எங்கள் வீதியில் எல்லோரும் யப்பான் கார்தான் வைத்திருக்கிறார்கள். “இதுக்குச் சாமான் எங்க எடுப்பீங்க?” என்று கேட்காத ஆள் இல்லை.

என் கணவர் யாருடைய பேச்சையும் கேட்கவில்லை. அதன் இருக்கை அவருடைய முதுகுக்குப் பிடித்திருந்தது. “குழியில விழுந்தாலும் மெத்தையில விழுந்த மாதிரி” என்பார். அது உண்மைதான். பன்விலைப் பக்கத்து வீதியில் எத்தனையோ தடவை போயிருக்கிறோம். மடியில் பாத்திரம் வைத்துக்கொண்டு போனாலும் குழம்பு சிந்தாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மடுல்கெல்லைக்குப் போவோம். அங்கே தேயிலைத் தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயிலில் பாட்டுக் குழுவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நான் பிறந்ததும் அந்த மலையில்தான். அப்பா கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேலை செய்தவர். என் கணவரோ வடக்கே பாஷையூர்க் கடற்கரையில் வளர்ந்தவர். தொலைபேசித் திணைக்களத்தில் வேலை கிடைத்துக் கண்டிக்கு வந்து, போர் தொடங்கியபின் திரும்பிப் போக முடியாமல் இங்கேயே வேரூன்றிவிட்டார். எங்கள் கலியாணக் கதையை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு, “உங்க வீட்டுல யாரு பேசுற தமிழ் ஜெயிச்சிச்சு?” என்று வத்தேகமச் சந்தையில் ஒரு பெண் கேட்டாள். யாரும் ஜெயிக்கவில்லை. நான் ‘வாங்க’ என்கிறேன், அவர் ‘வாறன்’ என்கிறார்.

எரிபொருள் இல்லாத மாதங்களில் அந்தக் காரை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரத்துக்குக் கீழே விட்டிருந்தோம். தகரம் முன்பாதியைத்தான் மறைத்தது. பின்பாதி மழையில் நனைந்தது. அந்த வருஷம் மழைக்குக் குறைவே இல்லை.

மறுபடி ஓட்டத் தொடங்கியபோதுதான் சத்தம் வந்தது. முதலில் எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் மேட்டில் ஏறும்போது மட்டும். பிறகு ஒவ்வொரு குழியிலும்.

“என்னாங்க, பின்னால ஏதோ கிரீச்சுங்குது.”

அவர் கியரை மாற்றினார்.

“என்னாங்க!”

“என்ன?”

“பின்னால சத்தம்.”

“ஒரு சத்தமும் இல்லை. வீதி சரியில்லை.”

கேட்காத மாதிரி இருப்பவர்

அவர் ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. நான் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். சந்தையில் நடந்ததைச் சொன்னால் பாதியில் எழும்பிப் போய்விடுவார். “சரி, சரி” என்பார். எதற்குச் சரி என்று கேட்டால் முகம் சிவந்துவிடும்.

நான் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். எனக்குக் குரல் பெரிது. அந்தக் குரலையே ஒரு மனிதர் தட்டிவிட்டுப் போனால் என்ன நினைப்பது? ஓய்வு பெற்ற ஆண்களுக்கு இப்படி ஒரு எரிச்சல் வரும் என்று கூட்டாளிகள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சில நாட்கள் நானும் பேசாமல் இருந்து பார்த்தேன். அதையும் அவர் கவனிக்கவில்லை.

தொலைபேசி இன்னொரு பெரிய வருத்தம். எங்கள் மகள் அனிற்றா மெல்பேணில் இருக்கிறாள். முன்பெல்லாம் அவள் அழைத்தால் அவர்தான் பாய்ந்து எடுப்பார். பிறகோ, “நீரே கதையும், எனக்கு வேலை கிடக்கு” என்று என் கையில் திணித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

“அம்மா, அப்பாவுக்கு என்மேல என்ன கோபம்?” என்று அவள் ஒருநாள் அழுதேவிட்டாள். கோபம் ஒன்றும் இல்லை என்று நான் சொன்னது எனக்கே பொய் மாதிரி இருந்தது.

இத்தனைக்கும் அவர் தொலைபேசிக்காரர். திணைக்களத்தில் அவருக்குக் கம்பிப் பிழை கண்டுபிடிக்கிற வேலை. தலையில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, வரும் இரைச்சலை வைத்தே எந்தப் பக்கம் தண்ணீர் இறங்கியிருக்கிறது, எங்கே மரக்கிளை உரசுகிறது என்று சொல்லுவார். தெல்தெனியப் பக்கம் ஒருமுறை புயலடித்து எல்லாக் கம்பிகளும் விழுந்தபோது, நாட்கணக்கில் வீட்டுக்கு வரவில்லை. வந்தபோது காதுமடல் இரண்டும் புண்ணாகியிருந்தது. தேங்காய் எண்ணெய் பூசிவிட்டேன். அந்தக் காதுகளைப் பற்றி அவருக்குப் பெருமை.

வளைவு

சத்தம் வளர்ந்தது. வத்தேகமயிலேயே ஒரு கராஜில் காட்டி, குலுக்கலைத் தாங்குகிற பின்பக்க ஷொக் இரண்டையும் மாற்றினோம். நான் தொல்லை கொடுத்ததால்தான் அவர் சம்மதித்தார். மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருந்தது.

“பாத்தீரே? ஷொக்கும் புதுசு. இனிச் சத்தம் எண்டு சொல்லாதேயும்,” என்றார்.

ஒரு ஞாயிறு, கோயில் முடிந்து அவர் காரைப் பின்னுக்கு எடுத்தார். நான் வெளியே நின்று வழி காட்டினேன். அப்போதுதான் பின்னாலிருந்து சரியாகப் பார்த்தேன். வலப்பக்கச் சக்கரம் நேராக நின்றது. இடப்பக்கச் சக்கரம் மேலே உள்பக்கமாகவும் கீழே வெளிப்பக்கமாகவும் சரிந்திருந்தது, களைத்துப்போன ஆள் ஒரு காலை அகட்டி வைத்து நிற்கிற மாதிரி. குனிந்து டயரைத் தடவினேன். வெளி ஓரத்தில் டயரில் வெட்டிய பூக்கள் இருந்தன. உள் ஓரம் மொட்டை. நூல்கூட வெளியே வந்துவிட்டது.

அதைக் காட்டியதும் அவர் கொஞ்சம் யோசித்தார். “டயரை மாத்துவம்” என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கு இறங்கி வரும்போது, பன்விலைக்கு மேலே ஒரு வளைவில், கீழேயிருந்து ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. அந்த வீதியில் ஹோர்ன் கேட்டால் மேலிருந்து வருபவர் ஒதுங்கி நிற்க வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும். அவர் ஒதுங்கவில்லை. நேராகப் போனார். பஸ் மீண்டும் நீளமாக அடித்தது. நான் கத்திக்கொண்டே அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். கார் தேயிலைப் பக்கம் ஏறி நின்றது. பஸ்காரர் கடந்துபோகும்போது சிங்களத்தில் திட்டியதை இங்கே எழுத முடியாது.

அவர் ஹாண்ட்பிரேக்கை இழுத்தார். “ஏன் கத்தினனீர்? உமது சத்தத்திலதான் பயந்துபோனன்,” என்றார்.

எனக்கு ஆத்திரம். சக்கரம் கழன்றோ, இப்படி மோதியோ, இரண்டு பேரும் ஏதாவது ஒரு பள்ளத்தில் கிடக்கப்போகிறோம் என்று நினைத்தேன். அடுத்த நாளே பிடிவாதமாக அவரைக் கட்டுகஸ்தோட்டைக்குக் கூட்டிப்போனேன். பிரெஞ்சுக் கார் பார்க்கத் தெரிந்தவர் என்று நிஸாம் நானாவைப் பற்றி என்னோடு வேலை செய்த ஒரு டீச்சர் சொல்லியிருந்தார்.

கையை வைத்துப் பார்த்தார்

ஆக, அன்று கராஜில் “நாங்கள் வாறம்” என்று சொல்லிவிட்டு என் கணவர் காரின் கதவைத் திறந்தார். நாய்க்குக்கூடக் கேட்ட சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, வீம்பும் பிடிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது அது எனக்கு அப்படியே விளங்கியது. கண்ணை மூடி, அவ்வளவு கவனமாக, எட்டாத ஒன்றைத் தேடின முகம் அது.

நிஸாம் நானா அவசரப்படவில்லை. எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தார்.

“சேர், வந்ததுக்கு ஜாக் போட்டு ஒருக்காப் பாத்துட்டுப் போங்க. ஒங்கட மனசுக்கும் நிம்மதி.”

காரைத் தூக்கி, இரும்புத் தாங்கிகளில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றாமலே மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். சக்கரம் ஆடியது. சக்கரத்து பெயாரிங் போயிருந்தால் சக்கரம் மட்டும்தான் ஆடும் என்று எனக்குச் சொன்னார். இங்கே அதைத் தாங்குகிற இரும்புக் கையும் சேர்ந்து ஆடுகிறது. அந்தக் கை உள்ளே ஒரு தண்டில் மாட்டியிருக்கும். குழியில் விழும்போது தண்டைச் சுற்றி மேலும் கீழும் அசையும். அசைவதற்காக நடுவில் ஊசி ஊசியாகச் சின்ன உருளைகள் வைத்த பெயாரிங் இருக்கும். அந்த இடத்தில் விரலால் தொட்டு எடுத்துக் காட்டினார். விரல் நுனியில் செங்கல் தூள் மாதிரி துரு.

“தண்ணி போய் ஈக்கி டீச்சர். உள்ளுக்கு ஊசியெல்லாம் முடிஞ்சி ஈக்கும். ஷொக் மாத்தி வேலயில்ல.”

பிறகு என் கணவரிடம் திரும்பினார். சத்தம் போட்டுப் பேசவில்லை. அவர் முகத்துக்கு நேரே குந்தி, மெதுவாகச் சொன்னார்.

“சேர், இங்க கைய வெய்ங்க.”

அவர் வைத்தார். நிஸாம் நானா அந்த இரும்புக் கைக்குக் கீழே இன்னொரு ஜாக்கைக் கொடுத்து மெல்லத் தூக்கினார், இறக்கினார், தூக்கினார்.

என் கணவருடைய முகம் மாறியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு புருவம் சுருங்கியது. உள்ளங்கையை இன்னும் அழுத்தி வைத்தார்.

“அரைக்குது,” என்றார். “கல்லு மாதிரி அரைக்குது.”

“ஓ, சேர்.”

“இது சத்தம் போட வேணுமே.”

அவர் கையை எடுக்காமலே தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

“கன நாளாவோ?”

“கொஞ்ச நாளா,” என்றேன். நான் சொல்லும்போது அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்தார். எத்தனை மாதங்களாக அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

“நான் பிளேன்டி ஊத்தப் போறேன்,” என்று நிஸாம் நானா உள்ளே போனார். கேத்தல் கொதிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. அவர் வேண்டுமென்றே சுணங்கினார்.

தேத்தண்ணீர்க் கிளாஸை என்னிடம் தரும்போது மெதுவாகச் சொன்னார்: “எங்கட உம்மாவும் இப்பிடித்தான் டீச்சர். நாங்க கோவம்னு நெனச்சிட்டு ஈந்தோம். முகத்தப் பாத்துப் பேசுங்க, கத்தாதீங்க. கத்தினா அவங்களுக்குக் கோவம் மட்டுந்தான் வெளங்கும்.”

சமையலறை மேசை

காரைக் கராஜில் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தோம். சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும், பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடிப் பார்க்கிறேன் என்று நிஸாம் நானா சொல்லியிருந்தார். இன்னும் ஓட்டினால் உடைந்த ஊசிகள் அந்த இரும்புக் கை உட்கார்ந்திருக்கும் குழாயையே தின்றுவிடும், பிறகு முழு ஆக்சிலும் வேண்டும், அது இந்த நாட்டில் கிடைக்காது என்றும் சொன்னார். பஸ்ஸில் அவர் யன்னல் பக்கம் திரும்பியபடியே வந்தார்.

வீட்டுக்கு வந்து, கை கழுவி, சமையலறை மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். வழமையாக அந்த நேரத்தில் தோட்டத்துக்குப் போகிறவர்.

“பிலோ,” என்றார். “எனக்குக் கேக்கிறது குறைஞ்சு போச்சு.”

நான் தலையை ஆட்டினேன்.

“உமக்குத் தெரியுமோ?”

“இன்னைக்குத்தான் தெரியும்.”

“வேலையில இருக்கேக்கையே துவங்கிட்டுது. முதல்ல குருவிச் சத்தம் போச்சு. பிறகு மணி. பிறகு பொம்பிளையளின்ர குரல்.” மேசை ஓரத்தை விரலால் தடவினார். “காதாலதான் இவ்வளவு காலமும் சாப்பிட்டனான். அது போட்டுது எண்டு என்னெண்டு ஆக்களுக்குச் சொல்லுறது?”

“எனக்குச் சொல்லியிருக்கலாமே.”

“உமக்குச் சொன்னால் நீர் பாவம் பாப்பீர். நீர் ஏசுறது எனக்குச் சுகமாக் கிடந்தது. ஏசுறது விளங்கேல்லை எண்டாலும்.”

இதற்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அதன்பிறகு அழுதது நான்தான்.

அடுத்த நாள் அனிற்றாவை வீடியோவில் கூப்பிட்டேன். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, அவரை முன்னால் உட்காரவைத்தேன். “மெதுவா, அப்பாவப் பாத்துப் பேசு,” என்று சொல்லி விஷயத்தையும் சொன்னேன். அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

“கையை எடு பிள்ளை,” என்றார் அவர். “வாயை மறைச்சால் எனக்கு நீ சொல்லுறது விளங்காது.”

அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் பேசி முடிக்கும்வரை நான் தோட்டத்தில் நின்றேன். வெண்டிக்காய் முற்றிப் போயிருந்தது. பறித்துக்கொண்டு வந்தேன்.

சாமான் வருவதற்குள் பேராதனை ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தோம். ஒரு சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, தலையில் கருவி மாட்டி, சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். பழைய நாட்களில் கம்பிப் பிழை தேடும்போது எப்படி உட்கார்ந்திருப்பாரோ அப்படியே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். நீண்ட நேரம் அவருடைய விரல் அசையவே இல்லை.

இரண்டு காதும் பழுது, இடது காது மிகவும் மோசம், வலது காதுக்குக் கருவி வைத்தால் பயன் உண்டு என்று டொக்டர் சொன்னார். கருவிக்குக் காத்திருக்க வேண்டும். மலை வீதியில் இப்போதைக்கு வாகனம் ஓட்ட வேண்டாம் என்றும் சொன்னார். அதை நான் அவருக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டொக்டரின் வாயிலிருந்தே அவர் வாசித்துவிட்டார்.

சீரகம் மாதிரி

சாமான் வந்துவிட்டது என்று நிஸாம் நானா அழைத்ததும் இரண்டு பேரும் போனோம். நான் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போனேன். கராஜின் ஓரத்தில் நான் உட்கார ஒரு பிளாஸ்டிக் கதிரை. என் கணவர் பழைய சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு உதவிக்கு நின்றார்.

முதலில் சக்கரம், பிறகு ஷொக். அந்தக் காரில் சுருள் வில் இல்லை. குறுக்கே போகிற ஒரு நீளமான கம்பி முறுகித்தான் பாரத்தைத் தாங்குகிறது. அந்தக் கம்பியைக் கழற்றும் முன்பு, கம்பியிலும் இரும்புக் கையிலும் நேருக்கு நேராக வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டார் நிஸாம் நானா. அதே கோட்டில் திரும்ப மாட்டாவிட்டால் காரின் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்குமாம்.

கம்பி அசையவில்லை. துரு அதைக் கவ்விப் பிடித்திருந்தது. எண்ணெய் விட்டார், சூடு காட்டினார், பெரிய சுத்தியலால் அடித்தார். மறுபடி எண்ணெய். ஒவ்வொரு அடிக்கும் நான் காதைப் பொத்திக்கொண்டேன். என் கணவர் கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாக நின்றார்.

சோறு சாப்பிட்டு முடித்து, மறுபடி அடித்தார்கள். “உட்ராதீங்க சேர்,” என்று நிஸாம் நானா சுத்தியலை ஓங்கும்போது அவர் கையை உயர்த்தினார்.

“நில்லுங்கோ. விட்டுட்டுது. இப்ப விட்டுட்டுது.”

நிஸாம் நானாவுக்கு நம்பிக்கையில்லை. கம்பியைப் பிடித்து இழுத்தார். அது வந்தது.

“மாஷா அல்லாஹ்! எப்பிடி சேர்?”

“கையில தெரிஞ்சது,” என்றார் அவர். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்துக் கன காலம்.

இரும்புக் கையை இழுத்து எடுத்தபோது உள்ளேயிருந்து செம்மண் சேறு மாதிரி ஒன்று வழிந்தது. அதோடு உருளைகள் தட்டில் கொட்டின. தேய்ந்து, மெலிந்து, பாதி உடைந்து, வறுத்த சீரகம் மாதிரி கிடந்தன. தண்டில் அவை சுரண்டிய பள்ளங்கள். நிஸாம் நானா அந்தத் தண்டையும் மாற்றினார். புது பெயாரிங்குகளை ஒரு நீளத் திருகாணியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் இறக்கினார். பூசணிக்காய் நிறத்தில் கிரீஸ். குழாயின் வாயில் புதுச் சீல், தண்ணீர் போகாதிருக்க.

வலப்பக்கத்தையும் கழற்றிப் பார்த்தபோது அதுவும் தொடங்கியிருந்தது. “ஒன்னா வேல செஞ்சது, ஒன்னா மாத்துவோம்,” என்றார். அதனால் வேலை அடுத்த நாளுக்கும் போனது. கோட்டுக்கு நேரே கோடு பிடித்துக் கம்பிகளை மாட்டி, காரை இறக்கினார்கள். இரண்டு பக்கமும் ஒரே உயரம். சக்கரம் நேராக நின்றது. நிஸாம் நானா பின்பக்கத்தை அமுக்கி விட்டார். கார் மெத்தை மாதிரித் தாழ்ந்து எழுந்தது. சத்தம் இல்லை. என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் இல்லை என்று கையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்த வழி

சாவியை நிஸாம் நானா பழக்கத்தில் அவரிடம்தான் நீட்டினார். அவர் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு என்னிடம் தந்தார்.

“நீர் ஓட்டும்.”

எனக்கு லைசன்ஸ் இருக்கிறது. வேலைக்குப் போன காலத்தில் ஓட்டியுமிருக்கிறேன். அவர் ஓய்வு பெற்றதும் ஓட்டுவது அவருடைய வேலையாகிவிட்டது, நானும் விட்டுவிட்டேன். இருக்கையை முன்னுக்கு இழுத்தேன். கண்ணாடியைச் சரிப்படுத்தினேன். அவர் சுற்றி வந்து இடப்பக்கம் ஏறி, எங்கே காலை வைப்பது என்று தெரியாதவர் போல உட்கார்ந்தார். அந்தக் காரில் அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை.

மெல்லப் புறப்பட்டேன். பாலத்தைத் தாண்டினோம். நான் எஞ்சினையும் வீதியையும் கவனித்துக்கொண்டிருந்தேன். அவர் மடியில் கையை வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி வந்தார். அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சாவியைத் தருவது லேசான காரியம் இல்லை.

ஏதாவது பேச வேண்டும் போல இருந்தது. கத்தக் கூடாது, முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். வீதியை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. சரி, கேட்காவிட்டாலும் பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்கிற மாதிரிச் சொன்னேன்:

“ராவைக்கு இடியப்பம் வாங்கிட்டுப் போவோமா?”

“ஏன் இடியப்பம்? நேத்து பேக்கரியில வாங்கின பாண் கிடக்கு.”

நான் பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்த த்ரீவீலர்காரர் ஹோர்ன் அடித்தார்.

“கேட்டிச்சா?”

“என்ன?”

“நான் சொன்னது கேட்டிச்சா?”

“கேட்டது. இடியப்பம் எண்டனீர்.” அவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன்னுடைய வலது காதைத் தொட்டார். என்னைப் பார்த்தபடியே, அந்தக் காதில் விரலை வைத்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது. அவர் ஓட்டிய வருஷங்கள் பூராவும் நான் அவருக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசினேன். செத்துப்போன காதுக்குத்தான் சந்தைக் கதையெல்லாம் சொன்னேன். இப்போது நான் வலப்பக்கம். மிச்சமிருந்த காது என் பக்கம்.

த்ரீவீலர் எங்களைத் தாண்டிப் போனது. நான் கியரைப் போட்டேன்.

“பாண் காஞ்சிருக்கும்,” என்றேன், சாதாரணக் குரலில்.

“வாட்டித் தின்னலாம்.”

“எனக்கு வாட்டின பாண் புடிக்காது.”

“எப்ப தொடக்கம்?”

“எப்பவுமே.”

“பொய். கலியாணம் முடிச்ச புதுசில ஒவ்வொரு நாளும் வாட்டினனீர்.”

“அது உங்களுக்காக வாட்டினது!”

“நான் கேட்டனானே?”

வத்தேகம வரும்வரை நாங்கள் சண்டை பிடித்துக்கொண்டே வந்தோம்.